இரும்பே இல்லாத பொருளை உப்புக்காற்று எப்படித் தின்கிறது? பிளாஸ்டிக் மேல் பூசிய உலோகத்தின் கதை

பாம்பன் பழைய ரயில் பாலத்தை உப்புக்காற்று அரித்த கதை ஊரறிந்தது. 1914இல் திறந்த பாலம். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. இரும்பு துருப்பிடிப்பதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் மருந்துக்குக்கூட இரும்பில்லாத சாமான்களும் இந்தக் கரையில் மங்கி, கறுத்து, தோலுரிந்து போகின்றன. பைக் முகப்பு விளக்கின் உள்கிண்ணம் சாம்பல் பூத்து வெளிச்சம் குறைகிறது. குரோம் ஷவர் கொப்புளம் கட்டுகிறது. ராமேசுவரம் கடைத்தெருவில் வாங்கிய தங்க நிறப் படச்சட்டம் ஓரங்களில் பளபளப்பு போய் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கைக் காட்டுகிறது. "ரசம் போயிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் புதுக் கிண்ணத்தை மாட்டுகிறார். ஏன் போனது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

இரும்புக்கு முலாம் பூசுவது இரும்பைக் காப்பாற்ற. துத்தநாகமோ நிக்கலோ மேலே காவல் நிற்கும், உள்ளே இரும்பு பத்திரமாக இருக்கும். பிளாஸ்டிக்கில் இது தலைகீழ். அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது. அதற்குக் காவலே வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் உலோகத்துக்குத்தான் காவல் வேண்டும். பளபளப்புக்காகப் போட்ட மெல்லிய தோல் அது; அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே எப்படிப் பிடித்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் அதன் ஆயுள் அடங்கியிருக்கிறது. வாங்குகிற நாமோ உலோகத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம்.

முதலில் காற்றைப் பற்றி. மற்றக் கடலோர ஊர்களுக்கு ஒரு கடல். பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இரண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. மீனவர் பேச்சில் தென்கடல், வடகடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் உப்பைத் தூக்கி வரும். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் தன் பங்கைக் கொடுக்கும். ஆண்டில் ஓய்வு என்று ஒரு பருவம் கிடையாது. இதைவிட முக்கியம் ஈரப்பதம். சோற்றுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைய, ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதம் இருக்க வேண்டும். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு எட்டிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன். 33 சதவீதம் இருந்தாலே அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதாவது நண்பகல் வெயிலில் காய்ந்ததுபோலத் தெரியும் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று மிச்சம் இருக்கும். அரிப்பு என்பது மின்வேதி வினை. அதற்கு மின்சாரம் கடத்தும் திரவம் வேண்டும். அந்தத் திரவம் இங்கே ஆண்டு முழுக்க இலவசம். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தன் அரிப்புச் சோதனைக் களத்துக்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் சாய்த்து வைத்து எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பதற்கு இதைவிடக் கொடுமையான இடம் நாட்டில் அரிது.

சரி, பிளாஸ்டிக் மேல் உலோகம் எப்படி ஏறுகிறது? கடையில் எல்லாவற்றுக்கும் 'குரோம்', 'கோல்டு' என்று ஒரே பெயர் சொல்வார்கள். உள்ளே இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று வெற்றிடத்தில் படிய வைப்பது. மற்றொன்று தொட்டியில் முக்கி மின்முலாம் ஏற்றுவது. இரண்டுக்கும் தடிமனில் நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

வெற்றிட முறை பார்க்க எளிது. ஒரு பெரிய உருளைக் கலத்துக்குள் பிளாஸ்டிக் பொருள்களைத் தொங்கவிட்டு, காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். நடுவில் டங்ஸ்டன் கம்பிச் சுருள். அதில் சிறு அலுமினியத் துண்டுகள் மாட்டியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி வெண்சூடாகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகி, மேலும் சூடேறி ஆவியாகும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் கம்பி உருகாது. காற்றை எதற்கு எடுக்க வேண்டும்? சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை மோதாமல் போகக்கூடிய தூரம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கலத்தின் அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்தத் தூரம் அரை மீட்டருக்கு மேல் நீளும். அலுமினிய அணு வழியில் யாரையும் இடிக்காமல் நேரே போய்ப் பிளாஸ்டிக்கில் உட்காரும். நேர்கோட்டில் மட்டும் போகும் என்பதால் பின்பக்கம் படியாது; ஆகவே பொருள்களைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆழமான குழி, உள்மூலை ஆகியவற்றில் பூச்சு எப்போதும் மெலிதாகத்தான் இருக்கும். கெடும்போது முதலில் கெடுவதும் அங்கேதான்.

இப்படிப் படியும் அலுமினியத்தின் தடிமன் பெரும்பாலும் 50 முதல் 100 நானோமீட்டர். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். 50 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிராம் அலுமினியம் ஏழு சதுர மீட்டருக்கு மேல் பரப்பலாம். இத்தனை சொற்ப உலோகம் ஏறக்குறைய 90 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. குரோமியத்தால் இந்த அளவு முடியாது. முகப்பு விளக்குக் கிண்ணத்துக்கு அலுமினியத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அதே கணக்கு கடலோரத்தில் பயமுறுத்துகிறது. உப்புக்காற்று ஆண்டுக்கு 1 மைக்ரான் அலுமினியத்தைத் தின்னும் என்று வைத்துக்கொண்டால், வீட்டுப் பாத்திரத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. 50 நானோமீட்டர் தோலுக்கோ பதினெட்டு நாள்!

அப்படியானால் விளக்குக் கிண்ணம் எப்படி ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது? அலுமினியத்துக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. கீழேயும் ஒன்று இருக்கிறது. அச்சிலிருந்து வந்த பிளாஸ்டிக்கின் பரப்பு பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நானோமீட்டர் கணக்கில் கரடுமுரடு. அதன்மேல் நேரடியாக அலுமினியம் ஏறினால் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் முதலில் வார்னிஷ் போன்ற லாக்கர் அடித்து மேடுபள்ளத்தை நிரவுவார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ஈரத்தையும் வாயுக்களையும் அந்த அடிப்பூச்சு தடுத்து வைக்கும். நைலான்போல ஈரம் குடிக்கும் பிளாஸ்டிக்கைச் சரியாக உலர்த்தாமல் கலத்துக்குள் வைத்தால் வெற்றிடமே உருவாகாமல் பம்பு திணறும். உலோகம் ஏறியபின் மேலே நிறமற்ற மேற்பூச்சு. தங்க நிறம் வேண்டுமென்றால் இந்த மேற்பூச்சில் மஞ்சள் சாயம் கலப்பார்கள், அவ்வளவே. கடைத்தெருவில் பொன்னாக மின்னும் கோப்பை, சட்டம், சாவிக்கொத்து எல்லாம் மஞ்சள் வார்னிஷுக்கு அடியில் இருக்கும் அலுமினியம். வெயிலில் சாயம் வெளுத்தால் தங்கம் வெள்ளியாகிவிடும். ரசவாதிகள் ஆசைப்பட்டதற்கு நேர் எதிர்த்திசையில் ஒரு ரசவாதம்.

நல்ல விளக்குக் கிண்ணங்களில் மேற்பூச்சு சாதாரண லாக்கர் அல்ல. அதே வெற்றிடக் கலத்துக்குள் சிலிக்கான் சேர்ந்த ஒரு திரவத்தின் ஆவியைச் செலுத்தி, பிளாஸ்மா (மின்னேறிய வாயு) மூட்டி, சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குச் சிலோக்சேன் படலம் ஒன்றைப் படிய வைக்கிறார்கள். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிப் பிணைந்த சட்டகம் அது. வெயிலுக்கும் சூட்டுக்கும் அசையாது. புதுப் பாம்பன் பாலத்தின் எஃகுக்கு மேலே அடித்திருப்பதும் பாலிசிலோக்சேன் வகை வண்ணம்தான். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள பாலத்துக்கும் பைக் விளக்குக்குள் இருக்கும் மெல்லிய தோலுக்கும் ஒரே வேதிக் குடும்பம் காவல் நிற்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

காவல் உடைகிற இடங்கள் சாதாரணமானவை. மணல் துகள் பட்ட கீறல், திருகாணி முடுக்கிய ஓரம், அச்சிலிருந்து வெட்டி எடுத்த முனை. அங்கே புகுந்த உப்புநீர் மேற்பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் பரவும். அலுமினியம் நிறமற்ற ஹைட்ராக்சைடாக மாறும். துருவைப்போல் செம்பழுப்பு எதுவும் தெரியாது. பளபளப்பு இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரியும். 'உரிந்துவிட்டது' என்று நாம் நினைப்பது பல சமயம் உரிந்ததல்ல, கரைந்தது. அலுமினியம் அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒருசேரப் பயப்படும் உலோகம். ஆகவே சலவை சோடா, பாத்திரம் துலக்கும் சாம்பல் எதையும் இதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நல்ல தண்ணியில் அலசி மெத்தென்ற துணியால் ஒற்றுவது போதும்.

சீலா, பாறை, ஊளிக்குப் போடும் பிளாஸ்டிக் மீன் தூண்டில்களின் வெள்ளிப் பளபளப்பும் பெரும்பாலும் இதே முறையில் வந்ததுதான். மீனின் பல் மேற்பூச்சைக் கீறிய உடனே கடல் வேலையை ஆரம்பித்துவிடும். நிஜச் சாளை மீனின் வெள்ளியில் உலோகம் துளிகூட இல்லை. குவானின் என்ற பொருளின் தட்டையான படிகங்கள் அடுக்கடுக்காக இருந்து ஒளியைத் திருப்புகின்றன. கடலுக்குள்ளேயே கிடந்தும் அது அரிப்பதில்லை. ஐரோப்பாவில் செயற்கை முத்து செய்தவர்கள் மீன் செதிலிலிருந்து இந்தப் படிகங்களைச் சுரண்டி எடுத்துத்தான் கண்ணாடி மணிகளுக்குப் பூசினார்கள். முத்தும் சங்கும் விற்றுப் பேர்பெற்ற கீழக்கரைக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

இனி இரண்டாவது குடும்பம், மின்முலாம். இங்கே உலோகம் 25 முதல் 40 மைக்ரான்வரை ஏறும். ஷவர், ஹெல்த் ஃபாசெட், கதவுக் குமிழ், கார் முகப்புச் சட்டம் எல்லாம் இந்த வகை. பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாதே, மின்முலாம் எப்படி? இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பல ஆண்டுகள் ஆயின. 1946இல் அமெரிக்காவில் பிரென்னரும் ரிடெல்லும் மின்சாரம் இல்லாமலே, வேதிவினையால் நிக்கலைப் படிய வைக்கும் கரைசலை உருவாக்கினார்கள். 1960களில் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் அது தொழிலாகவே கால் ஊன்றியது. எல்லாப் பிளாஸ்டிக்கையும் விட்டு ஏபிஎஸ் ஏன்? அதன் உடலில் ரப்பர் துகள்கள் நுண்ணிய அளவில் விரவியிருக்கும். குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான தொட்டியில் முக்கினால் பரப்பில் இருக்கும் ரப்பர் மட்டும் கரைந்துபோகும். மிஞ்சுவது வாய் சிறுத்து வயிறு பெருத்த குடங்கள்போலக் கோடிக்கணக்கான குழிகள். அடுத்த தொட்டியில் பல்லேடியத் துகள்கள் அந்தக் குழிகளில் விதைபோலத் தங்கும். அதைச் சுற்றி வேதி நிக்கல் வளர்ந்து குழிகளை நிரப்பும். உள்ளே புகுந்த நிக்கல் வெளியே வர முடியாது. அதுதான் பிடிப்பு. பசையும் இல்லை, உருக்கி ஒட்டியதும் இல்லை. இப்போது பரப்பு மின்சாரம் கடத்தும். மேலே செம்பு, நிக்கல், கடைசியில் அரை மைக்ரானுக்கும் குறைவான குரோமியம் என்று வழக்கமான மின்முலாம் ஏறும். பாலிதீன், பாலிபுரொப்பிலீன் வாளிகளுக்கு இந்த வித்தை எளிதில் பலிக்காது. அவற்றில் கரைய ரப்பர் இல்லை. பரப்பும் எதையும் ஒட்டவிடாத குணம் கொண்டது.

இந்த நடுச்செம்பு வெறும் நிரப்பல் அல்ல. ஏபிஎஸ் சூட்டில் விரியும் அளவு நிக்கல் விரிவதைவிட ஐந்து மடங்குக்கு மேல். தகரக் கூரைக்குக் கீழே மதியம் கொதித்து, இரவில் குளிரும் ஷவரில், பிளாஸ்டிக் ஒரு பக்கம் இழுக்க உலோகம் மறுபக்கம் இழுக்கும். இழுவைக்கு நெகிழ்ந்து கொடுக்கும் மெத்தையாகச் செம்பு நடுவில் இருக்கிறது. மலிவான சரக்கில் முதலில் மெலிவது அதுவே. தடிமனை யாரும் அறுத்துப் பார்க்கப்போவதில்லை அல்லவா.

குரோமியத்தை அரிப்பதாக நாம் நினைக்கும் இடத்திலும் உண்மை வேறு. குரோமியம் உப்புக்காற்றில் அநேகமாக அசையாது. ஆனால் அந்த அரை மைக்ரான் தோலில் எங்கேனும் ஊசித்துளை இருந்தே தீரும். துளைக்கு அடியில் நிக்கல். சுற்றிலும் அகன்ற குரோமியப் பரப்பு எதிர்மின்முனை, துளைக்குள் தெரியும் துளியளவு நிக்கல் நேர்மின்முனை. முழுப் பரப்பின் மின்னோட்டமும் அந்த ஒரு புள்ளியில் குவிந்து நிக்கலைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். செம்பை எட்டியதும் பச்சைக் களிம்பு எட்டிப் பார்க்கும். இரும்பாக இருந்தால் அடுத்து செந்துரு ஒழுகும். இங்கே பிளாஸ்டிக் தடுத்துவிடுவதால் அரிப்பு பக்கவாட்டில் பரந்து கொப்புளமாகிறது.

இதற்குத் தொழிலில் கண்டுபிடித்த மருந்து விசித்திரமானது. துளையே இல்லாத குரோமியம் செய்ய முயன்று தோற்றபின், வேண்டுமென்றே துளைகளைப் பெருக்கினார்கள். சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல்! மின்னோட்டம் ஒரே துளையில் குவியாமல் ஆயிரமாயிரம் துளைகளுக்குப் பங்கிடப்படுவதால் எந்த ஒன்றும் ஆழமாகப் போவதில்லை. கூடவே நிக்கலையும் இரண்டு அடுக்காகப் போடுவார்கள். கந்தகம் கலந்த பளபள நிக்கல் மேலே, கந்தகம் இல்லாதது கீழே. மேலே இருப்பது தன்னை முதலில் அரிக்கக் கொடுத்துக் கீழே இருப்பதைக் காப்பாற்றும். கார் கம்பெனிகள் வெளிப்புறப் பாகங்களுக்கு இதைக் கேட்டு வாங்குகின்றன. ஐந்து சதவீத உப்புநீரை 35 டிகிரியில் மூடுபனியாகத் தெளிக்கும் சோதனை போதாதென்று, அசிட்டிக் அமிலமும் செம்பு உப்பும் சேர்த்து 50 டிகிரியில் தெளிக்கும் கடுஞ்சோதனையும் உண்டு. வீட்டுக் குழாய்க்கு இந்த அளவு கண்டிப்பு பல சமயம் இருப்பதில்லை. குளியலறைக்குள் இருக்கும் பொருள்தானே என்ற எண்ணம் டெல்லிக்குப் பொருந்தும், தனுஷ்கோடிப் பக்கம் ஜன்னல் திறந்த வீட்டுக்குப் பொருந்தாது.

நம் வீடுகளில் ஷவரைக் கொல்வது காற்று மட்டுமல்ல, ஆசிட்டும்தான். இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும். குழாய் முகத்தில் வெள்ளை படியும். அதைப் போக்கக் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டால் துடைப்பது பலர் வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியத்தைக் கரைப்பதற்கு முலாம் பட்டறைகளில் பயன்படுத்தும் சரக்கே அதுதான்! எலுமிச்சைச் சாற்றில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, நன்றாகக் கழுவினால் சுண்ணாம்பு போகும், குரோமியம் இருக்கும்.

மின்முலாமின் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கை அரிக்கும் தொட்டியில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேடு அந்த வட்டார நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் அந்தத் தொட்டியின் சரக்கான குரோமியம் டிரையாக்சைடு பயன்படுத்தக் கூடாது என்றது. நச்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியம், வெற்றிடத்தில் ஆர்கான் பிளாஸ்மாவால் குரோமியத்தைத் தட்டித் தெறிக்கவைத்துப் படியச் செய்யும் முறை ஆகியவை அதனால் வேகம் பிடித்தன.

கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் பூச்சு ஒன்று ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் தொங்குகிறது. மின்விசிறியின் கெபாசிட்டருக்குள் இருப்பது சில மைக்ரான் பாலிபுரொப்பிலீன் சுருள். அதன்மேல் அலுமினியமோ துத்தநாகம் கலந்த அலுமினியமோ சில பத்து நானோமீட்டர். இங்கே உலோகம் மெலிதாக இருப்பதே பலம். பிளாஸ்டிக்கில் எங்காவது ஓட்டை விழுந்து மின்பொறி பாய்ந்தால், அந்த இடத்தைச் சுற்றிய உலோகம் நொடியில் ஆவியாகி ஓட்டையைத் தனிமைப்படுத்திவிடும். கெபாசிட்டர் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால் உறையின் மூட்டு வழியே ஈரம் புகுந்தால் உலோகம் ஓரத்திலிருந்து கரையத் தொடங்கும். 2.5 மைக்ரோஃபாரட் என்று மேலே அச்சிட்டிருந்தாலும் உள்ளே 1.5தான் மிஞ்சும். விசிறி மெதுவாகும். மோட்டாரைக் குறைசொல்லும் முன் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள், செலவு சொற்பம்.

சிப்ஸ், பிஸ்கட் பொட்டலத்தின் உள்வெள்ளியும் இதே அலுமினியம். ஆக்சிஜன் உள்ளே போகும் அளவை நூறில் ஒரு பங்காகக் குறைத்து எண்ணெய் காறாமல் காக்கிறது. ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்கும் உலோகமும் ஒட்டிய அந்த உறையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கட்டுப்படியாகாது என்பதால் பழைய பொருள் வாங்குபவர் அதைத் தொடமாட்டார். கரை ஒதுங்கும் குப்பையில் அலுமினியம் சீக்கிரம் கரைந்துவிடும். பிளாஸ்டிக் அப்படியே கிடக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு எதிரே இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கடையில் எது எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க வழி உண்டு. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பரப்பில் வைத்துப் பாருங்கள். மின்முலாம் என்றால் பீப் என்று கத்தும். வெற்றிடப் பூச்சென்றால் மேலே லாக்கர் இருப்பதால் பெரும்பாலும் மௌனம். மீட்டர் இல்லையென்றால் கை போதும்: முலாம் ஏறியது தொட்டால் சில்லென்றிருக்கும், நகத்தால் தட்டினால் ஓசை கணீரென்று வரும். பொருளின் பின்பக்கத்தையும் மரை ஓரத்தையும் திருப்பிப் பாருங்கள்; முன்பக்கம் மட்டும் மின்னி, பின்னே வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அது பெரும்பாலும் நேர்கோட்டில் வந்த அலுமினியம். தண்ணீர் படும் இடத்துக்கு அதை வாங்காதீர்கள். வெளியில் மாட்டுவதற்கும் என்றால் பளபள வகையை விட்டுவிட்டு, நிறமே பிளாஸ்டிக்கோடு கலந்த வெள்ளைக் குழாயை வாங்குவதே மேல் என்பேன். அழகு குறைவுதான். ஆனால் அதில் அரிக்க எதுவும் இல்லை.

மங்கிப்போன விளக்குக் கிண்ணத்துக்கு டப்பாவில் வரும் குரோம் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் உண்டு. அது அலுமினியச் செதில்கள் கலந்த பெயின்ட். செதில்கள் தாறுமாறாகப் படிவதால் வெளிச்சம் சிதறும். எதிரே வருபவர் கண் கூசும், நம் வழி இருட்டாகவே இருக்கும். கிண்ணத்தை மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது பின்புற ரப்பர் மூடி கிழியாமல் பொருந்தியிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். உப்புக்காற்று விளக்குக்குள் போகும் வாசல் பெரும்பாலும் அதுதான்.